ஆரம்பகால சொகுசு கார் இன்ஜின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் கண்காட்சிகளில் யாராவது போனட்டைத் திறந்துவைத்தால் போதும், சுற்றி நிற்பவர்களிடமிருந்து அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள் வரிசையாக வந்துவிடும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். காலம் 1905 முதல் 1930 வரை. ரோல்ஸ் ராய்ஸ் 40/50, அதாவது எல்லோரும் 'சில்வர் கோஸ்ட்' என்று சொல்லும் வண்டி, அடிக்கடி தலைகாட்டும். அந்த இன்ஜினைப் புரிந்துகொண்டால் மற்றவர்கள் ஏன் வேறு வழியில் போனார்கள் என்பதும் புரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் கார் வாங்கினவங்க எல்லாருமே பணக்காரங்கதானே? அதில் 'சொகுசு கார்'னு தனியா எது?

விலையைவிட, வண்டியை யார் ஓட்டினார்கள், எப்படி வாங்கினார்கள் என்று பார்ப்பது சரியாக இருக்கும். இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ், நேப்பியர், டைம்லர், லான்செஸ்டர். அமெரிக்காவில் பேக்கார்ட், பியர்லெஸ், பியர்ஸ் ஆரோ. இவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். ஓட்ட டிரைவர் இருந்தார்.

இன்னொன்று முக்கியம். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி விற்றது சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) இன்ஜினும் மட்டும்தான். பாடி கட்ட பார்க்கர் போன்ற தனிப் பட்டறைக்குப் போக வேண்டும். திறந்த வண்டியா, கண்ணாடி போட்ட கனமான லிமோசினா என்பது வாங்குபவர் இஷ்டம். எத்தனை கனத்தை ஏற்றினாலும் முணுமுணுக்காமல் இழுக்க வேண்டும், பின்னால் இருப்பவருக்குச் சத்தமும் அதிர்வும் தெரியக் கூடாது. கீழே வரும் முடிவுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு நிபந்தனைகளிலிருந்து பிறந்தவை.

7 லிட்டர் இன்ஜின், வெறும் 48 குதிரைத்திறனா? என் பைக்கே கிட்டத்தட்ட அவ்வளவு தருதே!

தரும். ஆனால் உங்கள் பைக் அதற்காக 8,000, 9,000 ஆர்பிஎம் சுற்ற வேண்டும். 1906 லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் அறிமுகமான 40/50 இன்ஜின் 7,036 சிசி. அது 48 குதிரைத்திறனைத் தந்தது சுமார் 1,250 ஆர்பிஎம்மில். இன்றைய கார் டீசண்டாக ஐடிலிங்கிலிருந்து எழும் வேகத்தில் அது தன் முழு வேலையையும் முடித்துவிடும். குதிரைத்திறன் என்பது இழுவையையும் சுற்று வேகத்தையும் பெருக்கி வருவது. அவர்கள் சுற்று வேகத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு இழுவையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் என்றால் கியர்பாக்ஸ். கியர்களின் வேகத்தைத் தானாகச் சமன்செய்யும் சிங்க்ரோமெஷ் வராத காலம். கியர் மாற்றும்போது பற்கள் கடகடவென்று உரசும், டிரைவருக்கு டபுள் கிளட்ச், அதாவது ஒரு மாற்றத்துக்குக் கிளட்சை இரண்டு முறை மிதிக்கும் பழக்கம் இருந்தே ஆக வேண்டும். கியரே மாற்றாமல் ஊரைச் சுற்றி வரும் வண்டிதான் பெருமை. 1911-ல் நேப்பியரும் ரோல்ஸ் ராய்ஸும் போட்டி போட்டுக்கொண்டு லண்டனிலிருந்து எடின்பரோ வரை டாப் கியரிலேயே ஓட்டிக் காட்டின. ரோல்ஸ் ராய்ஸ் வண்டி ஒரு கேலனுக்கு 24.32 மைல் கொடுத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதே வண்டி, அதே கியரில், புரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதையில் மணிக்கு 78.26 மைல் போனது.

இந்த வழியின் எல்லைக்கே போனவர்கள் பியர்ஸ் ஆரோக்காரர்கள். அவர்களுடைய '66' மாடலில் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 5 அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 7 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்), மொத்தம் 13.5 லிட்டர். எனக்கு அது கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது.

'40/50'ன்னா என்ன? இன்ஜின் 40-ஆ, 50-ஆ?

அது வகைப்பெயர், அளந்து பார்த்த பவர் இல்லை. இங்கிலாந்தில் ஆர்.ஏ.சி. என்ற மோட்டார் சங்கம் ஒரு சூத்திரம் வைத்திருந்தது: போரின் அங்குல அளவை வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். 4.5 அங்குல போர், ஆறு சிலிண்டர் என்றால் 48.6 வரும். பின்னாளில் சாலை வரியும் இந்தக் கணக்கில்தான் போட்டார்கள்.

கவனித்தீர்களா, ஸ்ட்ரோக் அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஸ்ட்ரோக்கை நீட்டினால் சிசி கூடும், வரி கூடாது. பிரிட்டிஷ் இன்ஜின்கள் பல பத்தாண்டுகள் ஒடுங்கலாகவும் உயரமாகவும் இருந்ததற்கு இந்தச் சூத்திரம் ஒரு பெரிய காரணம். 40/50-லும் பிற்பாடு ஸ்ட்ரோக்கை 4.75 அங்குலமாக்கி 7,428 சிசிக்குக் கொண்டுபோனார்கள், போரைத் தொடவில்லை.

கம்ப்ரெஷன் 3.2-க்கு 1-ன்னு படிச்சேன். அச்சுப் பிழையா?

பிழை இல்லை, 40/50-ன் எண் அதுதான். எரிவதற்கு முன் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பதுதான் கம்ப்ரெஷன். அந்தக் காலப் பெட்ரோல் இன்று பங்க்கில் கிடைப்பதன் பக்கத்தில்கூட வராது. அதிகம் அழுத்தினால் தானாக வெடித்து நாக்கிங் அடிக்கும். நாக்கிங் ஏன் வருகிறது என்பதே சரியாகப் புரியாத காலம் அது. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி நாக்கிங்கைத் தடுக்கும் ஈயச் சேர்மானத்தைக் கண்டுபிடித்தது 1921-ல். அந்த ஈயப் பெட்ரோல் 1923-ல் விற்பனைக்கு வந்து, பின்னாளில் பெரிய சுகாதாரக் கேடாக மாறியது வேறு கதை.

கம்ப்ரெஷன் குறைவாக இருந்ததில் வேறு லாபமும் இருந்தது. ஒவ்வொரு வெடிப்பும் மெதுவான தள்ளாக வருமே தவிர அடியாக விழாது. அப்புறம், 7 லிட்டர் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்ற ஒரு மனிதனால் முடிந்ததும் இதனால்தான்.

நாலு சிலிண்டர் போதாதா? ஏன் எல்லாரும் ஆறுக்கு ஓடினாங்க?

நாலு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போக, இரண்டு கீழே வரும். பார்க்கச் சமமாகத் தெரியும். ஆனால் பிஸ்டனின் அசைவைச் சுழலும் தண்டுக்குக் கடத்தும் கனெக்டிங் ராட் சாய்வதால் மேல்பாதியில் பிஸ்டன் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் ஓடும். அந்த வித்தியாசம் சேர்ந்து, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இன்ஜினை மேலும் கீழும் உதறும். ஆறு சிலிண்டர் நேர்வரிசையில் இந்த உதறல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், மிச்சம் இருக்காது. கூடவே, ஒரு வெடிப்பின் தள்ளு முடிவதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடுவதால் இழுவை அறுபடாமல் வரும்.

1903-ல் எஸ்.எஃப். எட்ஜ் என்ற வியாபாரி நேப்பியர் ஆறு சிலிண்டர் காரை அறிவித்தார். வியாபாரமாக வென்ற முதல் 'ஆறு' அதுதான். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். வந்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது.

ஆறு சிலிண்டர் இவ்வளவு பேலன்ஸ்னா, அப்போ கிராங்க்ஷாஃப்ட் ஏன் உடைஞ்சுது?

கேள்விகளிலேயே நல்ல கேள்வி. முந்தைய பதிலில் சொன்ன சமநிலை மேலும் கீழும் நடக்கும் அசைவுக்கு மட்டும்தான். கிராங்க், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு, முறுக்கிக்கொள்வது தனி விஷயம். நீளமான கிராங்கின் ஒரு முனையில் சுற்றைச் சீராக்கும் கனமான ஃபிளைவீல் சக்கரம், அது முறுக்குக்கு அசையாது. இன்னொரு முனையில் முதல் சிலிண்டர் வெடிக்கும்போது அந்த முனை, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி, இம்மியளவு முறுக்கிக்கொண்டு திரும்பும். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் வெடிப்புகளின் தாளமும் கிராங்கின் இயல்பான அதிர்வுத் தாளமும் ஒன்றாகிவிட்டால் முறுக்கு ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகும். முதலில் கடகடச் சத்தம், அப்புறம் விரிசல், கடைசியில் கிராங்க் இரண்டு துண்டு. நாலு சிலிண்டர் கிராங்க் குட்டையாக இருந்ததால் இந்தத் தொல்லை ஓட்டும் வேகத்துக்குள் வரவில்லை. அதனால் யாரும் இதை எதிர்பார்க்கவும் இல்லை.

நேப்பியரில் இந்தச் சத்தம் வந்தபோது எட்ஜ் அசரவில்லை. அதற்கு 'பவர் ராட்டில்' என்று பெயர் சூட்டி, பலமான இன்ஜினின் அடையாளம் என்று விற்றார். ரோல்ஸ் ராய்ஸின் இன்ஜினியர் ஹென்றி ராய்ஸுக்கு அந்த வாய் கிடையாது. அவருடைய 30 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் வண்டியில் கிராங்குகள் உடைந்தன. அது சிலிண்டர்களை இரண்டிரண்டாக வார்த்த மூன்று பிளாக், 4 அங்குல போர், 5 அங்குல ஸ்ட்ரோக், ஒல்லியான கிராங்க்.

அடுத்து வந்த 40/50-ல் அவர் செய்ததைப் பாருங்கள். ஸ்ட்ரோக்கைக் குறைத்துப் போருக்குச் சமமாக, 4.5 அங்குலமாக்கினார், ஸ்ட்ரோக் குறைந்தால் கிராங்கின் கைகள் குட்டையாகும், விறைப்பு கூடும். கிராங்கைத் தடிமனாக்கினார். ஏழு மெயின் பேரிங், அதில் நடுவில் இருப்பது மற்றவற்றைவிடப் பெரியது. சிலிண்டர்களை மும்மூன்றாக இரண்டு பிளாக்கில் வார்த்தார். மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டவைத்த அமைப்பு. கிராங்கை உள்ளீடற்றதாகத் துளைத்து அதன் வழியே பேரிங்குகளுக்கு ஆயிலை அழுத்தத்தோடு அனுப்பினார். பல கம்பெனிகள் அப்போது ஆயிலைத் தெளித்தும் சொட்டவிட்டும்தான் சமாளித்துக்கொண்டிருந்தன. என்னைக் கேட்டால், சில்வர் கோஸ்டின் புகழ் மொத்தமும் இந்தக் கிராங்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிப் பூச்சும் பெயரும் அப்புறம் வந்தவை.

டேம்பரைக் கண்டுபிடிச்சது ராய்ஸா, லான்செஸ்டரா?

கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்கும் கருவிதான் டேம்பர். அதற்கு இருவரும் உரிமை கொண்டாடினார்கள். கிராங்கின் முன்முனையில், உராய்வால் மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறிய சக்கரத்தை மாட்டுவது ராய்ஸின் வழி. கிராங்க் சீராகச் சுற்றினால் சக்கரமும் கூடவே சுற்றும். கிராங்க் முறுக்கித் துடித்தால் சக்கரம் வழுக்கும், துடிப்பின் சக்தி உராய்வில் சூடாகிக் கரைந்துவிடும். டைம்லருக்கு ஆலோசகராக இருந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் இதே தத்துவத்தில் பல தட்டுகள் வைத்த டேம்பரை 1910 வாக்கில் பேடன்ட் செய்தார். பட்டறையில் முதலில் செய்துகாட்டியவர் ராய்ஸ், கணக்கோடு விளக்கி ஊரறியச் செய்தவர் லான்செஸ்டர் என்று வைத்துக்கொள்வது நியாயம்.

இன்று உங்கள் காரின் கிராங்க் புல்லியில் ரப்பர் வளையம் இருக்கிறதே, அது செய்வதும் இதே வேலைதான்.

சைட் வால்வுன்னாலே பழைய டெக்னாலஜி. ராய்ஸுக்கு ஓவர்ஹெட் வால்வு தெரியாதா?

நன்றாகவே தெரியும். வால்வு சிலிண்டரின் பக்கத்தில் இருந்தால் சைட் வால்வு, தலைக்கு மேல் இருந்தால் ஓவர்ஹெட் வால்வு. 1915-ல் அவர் வடிவமைத்த 'ஈகிள்' விமான இன்ஜினில் ஓவர்ஹெட் கேம்ஷாஃப்ட்தான், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டும் மேலேயே. அதே ஆண்டிலும், அதற்குப் பத்தாண்டுகள் கழித்தும், அவருடைய காரில் சைட் வால்வு தொடர்ந்தது. அதனால் இதைத் தெரிந்தே எடுத்த முடிவு என்றுதான் சொல்ல வேண்டும்.

சைட் வால்வில் கேம் கீழே, வால்வு பக்கத்திலேயே. இடையில் கேமின் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கும் டாப்பெட் மட்டும். புஷ்ராட், ராக்கர் என்று தட்டிக்கொள்ளும் பாகங்கள் கிடையாது. ராக்கருக்கு ஒழுங்காக ஆயில் போகாத அந்தக் காலத்தில் ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் தையல் மிஷினாகச் சத்தம் போடும். வால்வு உலோகமும் நம்பகமானதில்லை: மேலே இருக்கும் வால்வு உடைந்தால் நேராகச் சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனை நாசம் செய்யும், பக்கத்தில் இருப்பது உடைந்தால் தன் குழியிலேயே கிடக்கும். எரிப்பறை விரிந்து தட்டையாகிவிடும், கம்ப்ரெஷனை ஏற்ற முடியாது என்பது இதன் குறை. 3.2-க்கு 1-ல் ஓடும் இன்ஜினுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

ஃபோர்டு டி மாடலுக்கே ஹெட் கழற்றலாம். சில்வர் கோஸ்டுக்கு முடியாதாமே?

ஆமாம். 1908-ல் வந்த மலிவு வண்டியான ஃபோர்டு டி-யில் நாலு சிலிண்டரும் ஒரே வார்ப்பு, அவற்றை மேலே மூடும் ஹெட் தனி. சில்வர் கோஸ்டில் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. வால்வைத் தேய்க்க வேண்டுமென்றால் அதன் தலைக்கு மேல் உள்ள மூடியைத் திருகி எடுத்து, அந்த ஓட்டை வழியாகத்தான் வேலை பார்க்க வேண்டும். கார்பன் சுரண்ட பிளாக்கையே தூக்க வேண்டியிருக்கும்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் அன்றைய கேஸ்கெட்டுகள் கசியும். ராய்ஸ் கசியக்கூடிய அந்த இணைப்பே இல்லாமல் செய்துவிட்டார். ஃபோர்டுக்கு முக்கியம் வேகமாகத் தயாரிப்பதும், விவசாயி தானே ரிப்பேர் பார்ப்பதும். ரோல்ஸ் ராய்ஸ் வாங்குபவருக்கு சம்பளத்துக்கு மெக்கானிக் இருந்தார். அவருடைய முதுகுவலி கணக்கில் வரவில்லை.

ஒரு சிலிண்டருக்கு எதுக்கு ரெண்டு ஸ்பார்க் பிளக்?

ஒரு வரிசை, இன்ஜின் சுற்றும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவில் ஓடும், இன்னொன்று பேட்டரியும் டிரெம்ப்ளர் காயிலும் சேர்ந்த தனி ஏற்பாட்டில். ஒன்று படுத்தால் மற்றொன்றில் வீடு வந்து சேரலாம்.

டிரெம்ப்ளர் காயிலில் ஒரு வித்தை உண்டு. அது இன்ஜின் நிற்கும்போதும் பொறியைத் தொடர்ந்து அடிக்கும். சூடான இன்ஜினை நிறுத்தியபோது சிலிண்டரில் பெட்ரோல் கலவை தங்கியிருந்தால், டிரைவர் ஸ்டீயரிங்கில் உள்ள நெம்புகோலைத் தள்ளியவுடன் பொறி பற்றி, கைப்பிடியைத் தொடாமலே இன்ஜின் சத்தமின்றிக் கிளம்பிவிடும். நன்றாகப் பராமரித்த சில்வர் கோஸ்டுகள் இன்றும் இதைச் செய்கின்றன. முதல் தடவை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

1907-ல் 15,000 மைல் ஓட்டினாங்களே, அது விளம்பரம்தானே?

விளம்பரமும்தான். ஆனால் மோட்டார் சங்கத்தின் பார்வையாளரை வண்டியில் வைத்துக்கொண்டு செய்த விளம்பரம். சில்வர் கோஸ்டை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 629-வது மைலில் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் தானாக மூடிக்கொண்டு வண்டி நின்றது. அதற்குப் பிறகு மீதி 14,371 மைலும், டயர் வேலை தவிர, தானாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. முடிந்ததும் வண்டியைப் பிரித்து அளந்தார்கள். தேய்ந்ததை மாற்றிப் புதுசாக்க ஆன செலவு 2 பவுண்டு சில்லறை.

பிளக், பம்ப், பேரிங் என்று நாளுக்கொன்று கெடுவது சகஜமாக இருந்த காலத்தில், கிராங்க் பற்றி மேலே சொன்ன வேலைக்கெல்லாம் கிடைத்த சான்றிதழ் இது.

டைம்லரோட 'ஸ்லீவ் வால்வு' இன்னும் சைலண்ட்னு சொல்றாங்களே. ஏன் காணாமப் போச்சு?

அமெரிக்கரான சார்லஸ் நைட்டின் யோசனை. வால்வே கிடையாது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளை உறைகள் மேலும் கீழும் வழுக்கும். அவற்றின் துளைகள் நேர்கோட்டில் வரும்போது காற்று உள்ளே, புகை வெளியே. தட்டுவதற்கு எதுவும் இல்லாததால் உண்மையிலேயே அமைதி. 1909-ல் டைம்லரின் இன்ஜின்கள் ஐந்தரை நாள் இடைவிடாமல் பெஞ்சில் ஓடி, அப்புறம் புரூக்லாண்ட்ஸில் 2,000 மைல் ஓடி, பரிசும் வாங்கின. பிரிட்டிஷ் அரச குடும்பமும் டைம்லரில்தான் போனது.

சிக்கல் ஆயில். இரண்டு உறைகளின் நான்கு பரப்புகளுக்கும் எண்ணெய் போக வேண்டும். அதில் ஒரு பங்கு எரிந்து நீலப்புகையாகப் பின்னால் வரும். அந்த உறைகளின் கனம் வேகத்துக்கும் தடை. சாதாரண வால்வுகள் நல்ல உலோகத்தோடும் நல்ல கேம் வடிவத்தோடும் அமைதியானதும், இதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது.

காடிலாக் ஏன் V8 பக்கம் போச்சு? ஆறு சிலிண்டரே சிறந்ததுன்னா?

நீளம். முறுக்கு அதிர்வின் வேரே நீளமான கிராங்க்தான். எட்டு சிலிண்டரை V வடிவத்தில் வைத்தால் கிராங்க் நாலு சிலிண்டர் நீளத்துக்குச் சுருங்கிவிடும். 1914 செப்டம்பரில் காடிலாக் அறிவித்த V8 5.1 லிட்டர், 2,400 ஆர்பிஎம்மில் 70 குதிரைத்திறன். இரண்டாவது கேள்வியில் பார்த்த எண்ணோடு ஒப்பிடுங்கள்: எட்டு ஆண்டில், சிறிய இன்ஜினில், ஏறத்தாழ இரண்டு மடங்கு சுற்று.

ஆனால் அதன் கிராங்க் தட்டை வகை. நாலு சிலிண்டர் இன்ஜின்கள் இரண்டைச் சாய்த்துவைத்த கணக்கு. நாலு சிலிண்டரின் பழைய உதறல் இப்போது பக்கவாட்டில் வந்தது. கிராங்க் பின்களை 90 டிகிரி குறுக்காக அமைத்து அதைத் தீர்த்தது 1924 மாடலில்தான். பேக்கார்ட் 1915-லேயே V12-க்குத் தாவி இந்தச் சிக்கலைத் தாண்டிவிட்டது. 60 டிகிரி V12 என்பது ஒரு கிராங்கைப் பகிரும் ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் இரண்டு, சமநிலைக்குக் குறையே இல்லை.

அப்புறம் வந்த V16 எல்லாம் தேவையா, பகட்டா?

1930 ஜனவரியில் காடிலாக் V16 வந்தது, 7.4 லிட்டர். பகட்டு பெரும்பங்கு. ஒயர்களை மறைத்து, எனாமலும் குரோமும் பூசி, போனட்டைத் திறந்து காட்டுவதற்காகவே அலங்கரித்த இன்ஜின் அது. ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது: வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் ஏற்பாடு. ஓவர்ஹெட் வால்வு சத்தம் போடும் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு அது பதில்.

1928-ல் வந்த டூசன்பர்க் J வேறு ரகம். எட்டு சிலிண்டர் நேர்வரிசை, இரட்டைக் கேம், சிலிண்டருக்கு நாலு வால்வு, கம்பெனி சொன்ன கணக்கு 265 குதிரைத்திறன். அவ்வளவு நீளக் கிராங்கின் முறுக்கை அடக்க, பாதரசம் அடைத்த குழல்களைக் கிராங்கிலேயே மாட்டினார்கள். ராய்ஸை அலைக்கழித்த அதே பிரச்சினை, இருபது ஆண்டு கழித்தும்.

சில்வர் கோஸ்ட் இன்ஜினை ஏன் 19 வருஷம் மாத்தாம வெச்சிருந்தாங்க? சோம்பேறித்தனமா?

1919 வரைக்கும் இல்லை, அதற்குப் பிறகு கொஞ்சம் ஆமாம் என்பது என் கணிப்பு. அந்த ஆண்டு பாரிஸில் மார்க் பிர்கிட் என்ற வடிவமைப்பாளர் ஹிஸ்பானோ சுயிசா H6 காரைக் காட்டினார். முதல் உலகப் போரின்போது விமான இன்ஜின் செய்து கற்றதையெல்லாம் அதில் போட்டிருந்தார்: அலுமினிய பிளாக், அதில் திருகிய எஃகு லைனர் (சிலிண்டரின் உள்ளுறை), ஓவர்ஹெட் கேம், முழு எஃகுத் துண்டிலிருந்து கடைந்தெடுத்த கிராங்க். 6.6 லிட்டரில் 135 குதிரைத்திறன். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் அதன் நாலு சக்கர சர்வோ பிரேக்கை ரோல்ஸ் ராய்ஸே பிற்பாடு லைசன்ஸ் வாங்கிப் பயன்படுத்தியது.

ரோல்ஸ் ராய்ஸ் 1925-ல் ஃபாண்டம் மாடலில்தான் ஓவர்ஹெட் வால்வுக்கும் கழற்றும் ஹெட்டுக்கும் வந்தது. அதிலும் மும்மூன்றாக வார்த்த பிளாக்கை விடவில்லை.

சத்தமே வேணாம்னா எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கலாமே? அப்பவே இருந்துதே?

இருந்தது, வாங்கவும் செய்தார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார் வைத்திருந்தார். கைப்பிடி சுற்ற வேண்டாம், கியர் இல்லை, புகை இல்லை. நகரத்துக்குள் எலக்ட்ரிக்கை அடிக்க ஆள் கிடையாது என்பதை ராய்ஸே ஒத்துக்கொண்ட மாதிரிதான், 1905-ல் 3.5 லிட்டர் V8 ஒன்றைச் செய்து பார்த்தார். அன்றைய சட்ட வரம்பான மணிக்கு 20 மைலைத் தாண்டாத, போனட்டே தெரியாத நகர வண்டி. மூன்றோடு நின்றுபோனது.

நகரத்தைத் தாண்டினால் எலக்ட்ரிக்குக்கு சார்ஜ் போட இடம் இல்லை. லண்டன்-எடின்பரோ மாதிரி ஓட்டத்தை அதனிடம் கேட்கவே முடியாது. அதன் மிச்சமிருந்த பெரிய அனுகூலத்தை 1912 மாடல் காடிலாக் பறித்தது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் அதில் கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்தது. சில்வர் கோஸ்டுக்கு அது வர 1919 ஆனது.